சிறு கேள்வி, நெடு மறுமொழி

ஒரு முதியவர் கேட்விக் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரியின் முன்னால் அமர்ந்திருக்கிறார். நவம்பர் மாதத்துப் பிற்பகல். அவருக்கு வயது 65. கூட வந்தது ஒரு சிறிய பை மட்டும். அதிகாரி அந்தப் பையைத் திறந்து உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிறார். உடுப்புகளைக் கடந்து போன கை ஒரு சின்ன மரப்பேழையில் தட்டுப்படுகிறது. மூடியைத் திறக்கிறார். அந்த வறண்ட அரசாங்க அறைக்குள் அகிலின் வாசம் எழுகிறது.

அப்துல்ரசாக் குர்னா 2001-இல் எழுதிய ‘பை த சீ’ என்ற நாவலின் தொடக்கப் பகுதி இது. எத்தனை முறை வாசித்தாலும் அந்த மூடி திறக்கும் இடத்தில் என் கண் தங்கிவிடுகிறது. கதை மேலே போகத் துடிக்கும். நானோ போக மனமில்லாமல் அங்கேயே நிற்பேன். வாருங்கள், அந்தப் பேழையை நாமும் ஒருமுறை கையில் ஏந்திப் பார்ப்போம்.

திரும்பிப் போக முடியாது என்று தெரிந்து ஊரைவிட்டுக் கிளம்பும் ஒருவர் எதை எடுத்துக்கொள்வார்? நகை, பணம், புகைப்படம், வீட்டுப் பத்திரம் என்று நாம் அடுக்குவோம். சாலே ஓமர் என்ற இந்தப் பெரியவர் வாசனையை எடுத்துக்கொள்கிறார். விற்று வாழலாம் என்ற கணக்கு அவரிடம் இல்லை. யாரிடமும் காட்டி எதையும் மெய்ப்பிக்க உதவாத பொருள். அதை அனுபவிக்க ஒரே வழி நெருப்பில் இடுவதுதான். இட்டால் தீர்ந்துபோகும், இடாமல் வைத்திருந்தால் வெறும் கட்டை. ஒரு முழு வாழ்க்கைக்குப் பிறகு எஞ்சிய உடைமையாக இவ்வளவு நொய்ந்த, இவ்வளவு உயர்ந்த ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்த எழுத்தாளரின் விரல்நுட்பத்தை என்னவென்று சொல்வது!

அகிலின் பிறப்பே ஒரு விந்தை. நோயற்ற மரத்தில் அந்த மணம் இல்லை. மரம் காயப்பட்டு, அந்தக் காயத்தில் பூஞ்சை பற்றி, அதை எதிர்த்து மரம் தனக்குள் சுரக்கும் பிசின்தான் ஆண்டுக்கணக்கில் ஊறி, கறுத்து, கனத்து, நறுமணமாகிறது. குர்னாவின் பெரியவருக்கு இந்தச் செய்தி தெரியும். அவர் அதைச் சொல்லும் தொனியில் சோகப் பூச்சு சிறிதும் கிடையாது. நல்ல சரக்கைக் கண்டறிந்த வணிகரின் மகிழ்ச்சியோடு, சரக்கின் பூர்வீகம் தெரிந்தவரின் பெருமிதத்தோடு சொல்கிறார். காயத்திலிருந்து மணம் என்ற பொருத்தத்தை அகதியின் வாழ்வோடு முடிச்சுப் போட்டுக் காட்ட வேறொரு எழுத்தாளரின் கை பரபரத்திருக்கும். குர்னா அந்த முடிச்சைப் போடவில்லை. மரத்தைப் பற்றி மட்டும் சொல்லி, மற்றதை நம் மூக்கின் பொறுப்பில் விட்டுவிடுகிறார். அந்த அடக்கம் எவ்வளவு அழகு!

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. அகில் நமக்குப் புதியதில்லை. சங்கப் பாடல்களில் பெண்களின் ஈரக் கூந்தலுக்கு இட்ட புகை அது. சிலப்பதிகாரத்தில் கீழ்க்காற்றோடு மரக்கலங்களில் வந்திறங்கும் அருஞ்சரக்குகளில் அதுவும் ஒன்று. சாலே ஓமரின் பேழையில் இருப்பதும் கீழ்த்திசைச் சரக்குதான், கம்போடியக் காடுகளோடு தொடர்புடைய ‘ஊதுல் கமாரி’ என்ற உயர்வகை. கிழக்கே பிறந்து, கடல் கடந்து, பாரசீக வளைகுடா வணிகர் ஒருவரின் கைவழியாக சான்சிபார் தீவுக்கு வந்து, அங்கிருந்து இங்கிலாந்துக்கு வந்திருக்கிறது. பேழையை வைத்திருப்பவரைக் காட்டிலும் பேழைக்குள் இருப்பதுதான் அதிக தூரம் பயணம் செய்திருக்கிறது.

அந்தப் பயணத்தை நடத்தியது காற்று. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் ‘கஸ்காசி’ என்ற பெயரோடு வீசுகிறது. அரேபியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்தும் பாய்மரக் கப்பல்களை அது தள்ளிக்கொண்டு வரும். சில மாதங்கள் கழித்துக் காற்றுத் திரும்பும்போது கப்பல்களும் திரும்பும். இடைப்பட்ட காலத்தில் துறைமுகத் தெருக்களில் அயலூரார் தங்குவார்கள், கடன் கொடுப்பார்கள், வாங்குவார்கள், காதலிப்பார்கள், ஏமாற்றுவார்கள், கதை சொல்வார்கள். குர்னா இந்த உலகத்தைத் தீட்டும் பக்கங்களில் ஒரு பொன்னிற வெயில் படிந்திருக்கிறது. ஆனாலும் அவர் அதைச் சொர்க்கமாக்குவதில்லை. அந்தக் கதை சொல்லிகளிடையே வஞ்சகரும் உண்டு என்பதை மறைப்பதில்லை. ஹுசேன் என்ற அந்த வளைகுடா வணிகர் நயமாகப் பேசுவார். கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். அவர் விட்டுச்சென்ற நாசமோ இரண்டு குடும்பங்களைத் தின்றுவிடுகிறது. ஒரு கருங்காலி மேசையைப் பேரம் பேசியபோதுதான் இந்த அகிலும் சாலே ஓமரின் கைக்கு வந்தது. அந்த நறுமணத்துக்குள் ஒரு பழைய வழக்கும் புகைந்துகொண்டிருக்கிறது.

சாலே ஓமரின் தொழிலைக் கவனியுங்கள். அவர் மரச்சாமான் வணிகர். பழைய மேசைகளையும் பேழைகளையும் தேடி வாங்கி, பழுது நீக்கி, மெருகேற்றி, வெள்ளை அதிகாரிகளுக்கும் பயணிகளுக்கும் விற்றவர். மரத்தின் ரேகையைப் படிக்கத் தெரிந்த கண் அவருடையது. மெருகின் தரத்தை விரல் நுனியால் அளப்பவர். அகதியைப் பற்றிய எழுத்துகளில் பசி இருக்கும், பயம் இருக்கும், கண்ணீர் இருக்கும். அகதியை ஒரு ரசிகராகப் படைத்ததுதான் குர்னா செய்த அருஞ்செயல். இந்த மனிதர் நாட்டை இழந்திருக்கிறார். ஒரு பொருளின் முன் நின்று அதன் அழகை நிதானமாகச் சுவைக்கும் பண்பு இன்னும் அவரிடமே இருக்கிறது. அவர் வாக்கியங்களின் நடையே அதற்குச் சான்று. நீண்டு, வளைந்து, இடையில் ஒருமுறை நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, மறுபடி நடக்கும் வாக்கியங்கள் அவை.

இப்போது எதிரில் இருக்கும் அதிகாரியைப் பார்ப்போம். பெயர் கெவின் எடெல்மன். குரலை உயர்த்தாத மனிதர். தன் பெற்றோரே ருமேனியாவிலிருந்து வந்த அகதிகள் என்று சொல்கிறார். ஆனால் அவர்கள் ஐரோப்பியர், குடும்பத்துக்குள்ளேயே இடம் மாறியவர்கள் மாதிரி. உங்களுக்கு இங்கே என்ன வேலை, இந்த வயதில் எதற்கு என்று ஏறக்குறைய பரிவோடு கேட்கிறார். முடிவில் அந்தப் பேழையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். திருட்டு என்று ஒரு சொல் எழுதினால் போதும், வாசகரின் கோபம் கொழுந்துவிடும். குர்னா அந்தச் சொல்லைத் துணைக்கு அழைக்கவில்லை. பேழையின் மணம் அந்த மனிதரையும் ஒரு கணம் தொட்டுவிட்டது என்பதை மட்டும் நாம் உணரும்படி செய்கிறார். அழகுக்கு வசப்படுவதில் இருவரும் ஒன்று. ஒருவர் கையில் முத்திரை இருக்கிறது, மற்றவர் கையில் இல்லை. நாவலின் முழு அரசியலும் இந்தச் சிறு அசைவுக்குள் அடங்கியிருப்பதை மெல்ல மெல்லத்தான் கண்டுகொள்வோம்.

அந்த அறையில் பெரியவர் பேசியது மிகக் கொஞ்சம். ஆங்கிலம் தெரியாதவராக நடந்துகொள்ளும்படி பயணச்சீட்டு விற்றவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அகதி, அடைக்கலம் என்ற பொருள்படும் சொற்களுக்கு மேல் வாய் திறக்கக் கூடாது. உண்மையில் அவர் ஆங்கிலத்தில் தோய்ந்தவர். மெல்வில் எழுதிய பார்ட்டில்பி என்ற எழுத்தரின் கதை அவருக்குப் பிடித்தமானது. இட்ட வேலைகளை எல்லாம் பணிவாக, அசையாமல் மறுத்துவிடும் அந்த எழுத்தரிடம் அவருக்கு ஏதோ ஓர் உறவு. இரண்டு சொல்லோடு உதடுகள் மூடிக்கிடக்க, உள்ளே சொற்களின் கடல் அலையடிக்கும் அந்தக் காட்சியின் நேர்த்தியைப் பாருங்கள். வெளியே கேட்பவருக்கு ஒரு வெற்றுக் கிழவர். உள்ளே கேட்கும் நமக்கு ஒரு மாபெரும் கதைசொல்லி. அதிகாரிக்குக் கிடைக்காத விருந்துக்கு நம்மை அழைத்து, அருகில் அமரவைத்துவிடுகிறார் ஆசிரியர்.

என் மனம் கவர்ந்த இன்னொரு நுட்பம் வரைபடங்களிடம் பெரியவர் கொண்டிருக்கும் காதல். சிறுவயதில் வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் உலகத்தின் கரைகளை வரைந்துகொண்டே போகிறார். ஆப்பிரிக்காவின் விளிம்பில் இறங்கி, முனையைச் சுற்றி, மேலேறி, இந்தியாவைத் தொட்டு, சீனக் கடல்வரை நீளும் கோடு. அந்தக் கோட்டின் மேல் எங்கோ ஒரு புள்ளியாகத் தன் தீவு இருக்கிறது என்று அந்தப் பிள்ளை அறியும் கணம் இருக்கிறதே, அது ஆனந்தமும் இழப்பும் ஒன்றாய்ப் பிறக்கும் கணம். உலகம் இவ்வளவு பெரிது என்ற களிப்பு, அதை வரைந்தவர்கள் வேறு யாரோ என்ற ஏக்கம். குர்னா இரண்டையும் ஒரே சுண்ணக்கோட்டில் தருகிறார். முதுமையில், இங்கிலாந்தின் ஒரு சிறிய கடலோர ஊரில், அவர் வரைபடங்களோடு பேசும்போது நமக்கு வியப்பாக இல்லை. அந்தப் பேச்சு எங்கே தொடங்கியது என்று நமக்குத்தான் தெரியுமே.

இவ்வளவும் எழுதியவரின் வாழ்வை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். 1948-இல் சான்சிபாரில் பிறந்தவர். 1964 புரட்சிக்குப் பிந்தைய கொந்தளிப்பில், 1960களின் இறுதியில் இளைஞராக இங்கிலாந்து வந்தவர். தாய்மொழி கிஸ்வாஹிலி. எழுதுவது ஆங்கிலத்தில். கென்ட் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்றவர். 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது பலர் முதல்முறையாக அவர் நூல்களைத் தேடிப் போனார்கள். அதுவரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அதே தாழ்ந்த குரலில் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

அகில் பேழையிலிருந்து இப்போது ஒரு சீப்புக்கு வருவோம். சிமமாண்டா எங்கோசி அடிச்சியின் ‘அமெரிக்கானா’ 2013-இல் வெளிவந்த நாவல். இஃபெமெலு என்ற நைஜீரியப் பெண் பிரின்ஸ்டனில் வசிக்கிறாள். அழகிய, அமைதியான கல்வி நகரம். அவள் கூந்தலைப் பின்னிவிட மட்டும் அங்கே ஆள் இல்லை. ரயிலேறி டிரென்டன் போகிறாள். அங்கே ஆப்பிரிக்கப் பெண்கள் நடத்தும் ஒரு பின்னல் நிலையம், தாளாத புழுக்கம், தொலைக்காட்சியில் ஓயாமல் ஓடும் நைஜீரியப் படம். ஒரு நாவலின் முழுப் பாரத்தையும் இந்தச் சிறிய கடையின் ஒற்றை நாற்காலியில் ஏற்றிவைத்த துணிச்சலைப் பாராட்டாமல் இருக்க முடியுமா?

பின்னல் முடியப் பல மணி நேரம் ஆகும். அந்தப் பல மணி நேரத்தின் இடுக்குகளில் லாகோஸ் வாழ்வும் இளமைக் காதலும் அமெரிக்கப் போராட்டமும் ஒவ்வோர் இழையாக வந்து சேருகின்றன. ஒரு கதை நீளும். சட்டென்று நாம் மறுபடி அந்த நாற்காலியில் இருப்போம், தலை சற்று இழுபடும், மறுபடி கதை. மூன்று புரியை மாற்றி மாற்றி மேலே போட்டுப் பின்னும் விரல்களின் தாளமே நாவலின் அத்தியாய ஒழுங்காகியிருக்கிறது. வடிவம் என்று விமர்சகர்கள் சொல்வது இங்கே வெறும் கருத்தாக இல்லாமல் கூந்தலின் கனத்தோடு தொங்குகிறது.

இஃபெமெலு தன் சீப்பைத் தானே கொண்டுவந்திருக்கிறாள். பின்னிவிடும் பெண் ஆயிஷா தன் சீப்பால் முரட்டுத்தனமாக இழுக்க வரும்போது, தன்னுடையதை வாங்கி மென்மையாகத் தானே வாரிக் காட்டுகிறாள். அடர்ந்து, சுருண்டு, மிருதுவாக இருக்கும் அந்தக் கூந்தல் தலையைச் சுற்றி ஓர் ஒளிவட்டமாக நிற்கிறது. இதை ஏன் மருந்திட்டு நேராக்கவில்லை என்று ஆயிஷா கேட்கிறாள். கடவுள் தந்ததை அப்படியே வைத்துக்கொள்ள ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது, எவ்வளவு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது! அடிச்சி அந்த விளக்கத்தைக் கட்டுரையாக எழுதாமல் சீப்பின் அசைவாக எழுதியிருக்கிறார்.

அதே நாற்காலியில் ஒரு கேள்வியும் வருகிறது: அமெரிக்கா வந்து எத்தனை வருடம்? உண்மை விடை பதின்மூன்று. அவள் பதினைந்து என்கிறாள். ஒருகாலத்தில் இரண்டு வருடம் என்று உள்ளதைச் சொன்னபோது எதிரே இருந்த முகத்தில் படர்ந்த ஏளனம் அவளுக்குப் பாடம் புகட்டியிருக்கிறது. புலம்பெயர்ந்தோரிடையே ஆண்டுகளே அந்தஸ்து. அந்த இரண்டு கூடுதல் ஆண்டுகளை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று சொல்லி மாளாது. அத்தனை சாதாரணமான, அத்தனை மன்னிக்கத்தக்க பொய். படித்த பெண், பேர் பெற்ற பெண், ஊருக்கே திரும்பப் போகிறவள். அவளும் பின்னிவிடும் பெண் ஒருத்தியின் மரியாதைக்காக எண்ணிக்கையைச் சற்றே கூட்டுகிறாள். மனித மனத்தின் இந்த மெல்லிய சுருக்கத்தைக் கண்டவர் கையில்தான் பேனா இருக்க வேண்டும்.

ஆயிஷாவையும் அடிச்சி வெறும் பின்னணியாக விட்டுவிடவில்லை. முதலில் நச்சரிப்பவளாகத் தோன்றுகிறாள். தன் காதலர்களின் சமூகத்தார் வேற்றினப் பெண்ணை மணப்பார்களா மாட்டார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டு நம் பொறுமையையும் சோதிக்கிறாள். பின்னல் முடியும் தறுவாயில்தான் அவள் தந்தை இறந்ததும், உரிய தாள்கள் இல்லாததால் அவளால் ஊருக்குப் போக முடியாததும் தெரியவருகிறது. அழுகிறாள். அதுவரை அவளை நாம் பார்த்திருந்த பார்வை ஒரே நொடியில் இளகுகிறது. ஒரு துணைப் பாத்திரத்துக்கு இவ்வளவு தாமதமாக, இவ்வளவு கனிவாக அளிக்கப்படும் நீதி எனக்கு அந்தப் பெரிய நாவலின் மிகச் சிறந்த பரிசாகப் படுகிறது.

அடுத்து ஒரு மளிகைக் கடை. டினாவ் மெங்கெஸ்டு அடிஸ் அபாபாவில் 1978-இல் பிறந்து, இரண்டு வயதில் அமெரிக்கா போனவர். அவருடைய முதல் நாவல் 2007-இல் வந்தது. தலைப்பு தாந்தேயின் நரகப் பயணத்தின் இறுதியிலிருந்து எடுத்தது. வாஷிங்டன் நகரின் லோகன் சர்க்கிள் பகுதியில் எத்தியோப்பியரான செஃபா ஒரு சிறிய கடை வைத்திருக்கிறார். வியாபாரம் சுமார்தான். கென்யாவிலிருந்து வந்த கென்னத்தும் காங்கோவிலிருந்து வந்த ஜோசப்பும் வேலை முடிந்து அங்கே வந்து அமர்வார்கள். சுவரில் ஆப்பிரிக்காவின் பழைய வரைபடம். மூவரும் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஒருவர் ஒரு சர்வாதிகாரியின் பெயரைச் சொல்ல வேண்டும். மற்றவர் நாட்டையும் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த ஆண்டையும் சொல்ல வேண்டும்.

இந்த விளையாட்டின் துயரம் எல்லார் கண்ணிலும் படும். அதன் இனிமையைக் காண இன்னொரு முறை பார்க்க வேண்டும். பொக்காசா என்று ஒருவர் சொன்னதும் மற்றவர் நாக்கில் ஆண்டு தயாராக நிற்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்ததில்லை அது, வாழ்ந்து தெரிந்தது. நகரம் முழுவதிலும் வேறு யாருக்கும் தேவைப்படாத அந்த அறிவு இந்த மூன்று நாற்காலிகளுக்கு நடுவில் மட்டும் செல்லுபடியாகும் நாணயம். தவறான ஆண்டைச் சொன்னால் திருத்த ஆள் இருக்கிறது. அந்தத் திருத்தத்தில் எவ்வளவு அன்பு! மெங்கெஸ்டு இதை எங்கும் விளக்குவதில்லை. மதுக் கிண்ணம், மங்கிய விளக்கு, ஒரு பெயர், ஓர் ஆண்டு, அடுத்த பெயர். அவ்வளவுதான்.

அதே கடையின் பகல் நேரத்தை நாவல் இன்னொரு பரிசால் நிரப்புகிறது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணின் மகள் நயோமி, பதினோரு வயதுச் சிறுமி, செஃபாவோடு கல்லாப்பெட்டி அருகில் அமர்ந்து ‘கரமசோவ் சகோதரர்கள்’ வாசிக்கிறாள். குளிர்காலம், வாடிக்கையாளர் வராத கடை, எத்தியோப்பியக் குரலில் ருஷ்ய நாவல், கேட்டுக்கொண்டிருக்கும் அமெரிக்கப் பிள்ளை. இலக்கியம் ஒருவருக்கு ஊர் ஆக முடியுமா என்று அரங்குகளில் விவாதிக்கிறார்கள். இந்தப் பக்கங்களில் அது சில வாரங்களுக்கு ஒரு வீடாகவே இருந்து காட்டுகிறது.

பெரியவர்களின் அந்த விளையாட்டுக்கு இணையாகக் குழந்தைகளின் விளையாட்டு ஒன்றும் உண்டு. நோவயலெட் புலவாயோ ஜிம்பாப்வேயில் பிறந்தவர். அவருடைய ‘வீ நீட் நியூ நேம்ஸ்’ 2013-இல் புக்கர் பரிசின் குறும்பட்டியல்வரை போனது. பாரடைஸ் என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு தகரக் குடிசைப் பகுதியில், புழுதியில் வட்டம் வரைந்து, ஆளுக்கொரு நாடாகப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அமெரிக்காவாக நிற்க அடிதடி. யாருக்கும் வேண்டாத நாடுகளும் உண்டு. அந்த வேண்டாத வரிசையில் காங்கோவும் சோமாலியாவும் வருகின்றன, கூடவே இலங்கையும் வருகிறது.

முதல் வாசிப்பில் அந்தப் பெயர் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. எங்கோ தெற்கு ஆப்பிரிக்கப் புழுதியில், வயிறு காய்ந்த பிள்ளைகளின் வாயில், நம் கடலுக்கு அப்பாலுள்ள தீவு. போரும் பசியும் எந்த நாடுகளை உலகத்தின் செவியில் எப்படி ஒலிக்கவைக்கின்றன என்பதை இவ்வளவு லேசாக, ஓடிப்பிடிக்கும் மூச்சிரைப்பின் நடுவில் சொல்லிவிட்டுப் போகிறார் புலவாயோ. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான டார்லிங் பிறகு உண்மையாகவே அமெரிக்கா போகிறாள். விளையாட்டில் எல்லாரும் ஆசைப்பட்ட நாட்டில் நிஜமாக நிற்கிறாள். அப்போது புழுதி வட்டத்தைச் சுற்றி ஓட உடன் யாரும் இல்லை. ஆசிரியர் இதைச் சொல்லிக் காட்டவில்லை; இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததே போதுமானதாயிற்று.

பேழை, சுண்ணக்கோடு, சீப்பு, கூட்டிச் சொன்ன இரண்டு ஆண்டு, சர்வாதிகாரிகளின் பெயர், புழுதி வட்டம். நான்கு எழுத்தாளர்கள், நான்கு நாடுகள். இவர்கள் எல்லாரிடமும் ஒரு கேள்வி வந்திருக்கிறது: நீ யார், எங்கிருந்து வருகிறாய், ஏன்? படிவத்தில் அதற்குரிய கட்டம் மிகச் சிறியது. இவர்கள் அந்தக் கட்டத்துக்குள் அடங்க மறுத்து, கோபப்படாமல், நிறுத்தி நிதானமாக, நூற்றுக்கணக்கான பக்கங்களில் மறுமொழி சொல்லியிருக்கிறார்கள். அவசரம் கேட்பவரிடம் இருக்கிறது, சொல்பவர்களிடம் இல்லை. அந்த நிதானமே இவர்களின் கம்பீரம்.

சாலே ஓமரின் கதையில் இது உச்சம் தொடும் இடம் பிற்பகுதியில் வருகிறது. அவர் இங்கிலாந்துக்கு வந்தது இரவல் பெயரில். ரஜப் ஷாபான் மஹ்மூத் என்ற அந்தப் பெயர், ஊரில் அவருக்குப் பகையாளியாக இருந்தவருடையது. மொழிபெயர்க்க ஆள் தேடியபோது அகப்பட்ட நிபுணர் லத்தீஃப் மஹ்மூத். லண்டனில் பேராசிரியர், கவிஞர், அந்தப் பகையாளியின் மகன். தன் தந்தையின் பெயரைச் சூடிக்கொண்டு வந்திருக்கும் கிழவரைப் பார்க்க, பல பத்தாண்டு மனக்கசப்போடு அவர் அந்தக் கடலோரக் குடியிருப்பின் படியேறுகிறார்.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் பேச்சுதான். ஒருவர் வீடு பறிபோன கதையைச் சொல்கிறார். அந்த வீடு எப்படிக் கைமாறியது என்று மற்றவர் சொல்கிறார். சிறுவன் லத்தீஃப் அந்தக் கருங்காலி மேசையைத் திருப்பிக் கேட்டு வந்த நாளை இருவரும் வேறு வேறாக நினைவில் வைத்திருக்கிறார்கள். பெரியவர் பதினோரு ஆண்டு சிறையிலிருந்ததையும், வெளியே வந்தபோது மனைவியும் மகளும் உயிரோடு இல்லாததையும் இளையவர் இப்போதுதான் முழுமையாகக் கேட்கிறார். ஒருவர் நினைவு மற்றவர் நினைவை இடித்து, திருத்தி, சில இடங்களில் ஒத்துக்கொண்டு, சில இடங்களில் மௌனமாகி நகர்கிறது. குர்னா யாரையும் வெல்லவிடவில்லை. இரண்டு கதைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்படி கட்டியிருக்கிறார்.

அகதிக்கு இடம் கொடுத்த நாட்டில் அவர் சொன்னதைப் பதிவுசெய்ய ஆள் உண்டு. நம்ப ஆள் உண்டு, நம்பாதிருக்க ஆள் உண்டு, இரக்கப்படவும் நல்லவர்கள் உண்டு. அது அப்படி நடக்கவில்லை என்று குறுக்கிட ஒருவரும் இல்லை. அந்தக் குறுக்கீடு ஊர்க்காரரால் மட்டுமே முடியும். செஃபாவின் கடையில் ஆண்டைத் திருத்தும் நண்பர்களிடம் அது இருக்கிறது. இஃபெமெலுவின் பதினைந்தைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட நாற்காலியில் அது இல்லாமல் போனதால்தான் அவள் திரும்பிப் போகும் ஊரின் இழுப்பு நமக்கு அவ்வளவு புரிகிறது. சாலே ஓமருக்கு அந்தக் குறுக்கீட்டைக் கொண்டுவந்தவர் பகையாளியின் மகன். நம் கதையை மறுக்கும் தகுதி உள்ளவர் எதிரே அமர்ந்திருக்கும்போது, எந்தக் கரையில் இருந்தாலும் நாம் சொந்த ஊரில்தான் இருக்கிறோம் என்று இந்த நாவல் எனக்கு உணர்த்தியது.

இந்த நால்வரில் யாரிடமிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், தயங்காமல் குர்னாவைச் சொல்வேன். முதல் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக, மணம் பிடித்து வாசியுங்கள். அந்த இரண்டு மனிதர்களும் எதிரெதிரே உட்காரும் பக்கங்களுக்கு வந்ததும் ஒரு விடுமுறை நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அந்த உரையாடலை இடையில் நிறுத்திவைக்க உங்களுக்கு மனம் வராது.